ஓடுவதற்கு முப்பது அடி

மில்பிட்டாஸ் நகரின் கிழக்கே வீடுகள் முடிகிற இடத்தில் மலை தொடங்குகிறது. எட் லெவின் கவுண்டி பூங்கா அங்கேதான். ஜூன் மாதச் சனிக்கிழமை, காலை ஏழரை மணி. சாண்டி வுல் ஏரியில் வாத்துகள் மட்டும் விழித்திருந்தன. நாங்கள் நாலு பேர், கிளைடர்கள் தரையிறங்கும் மைதானத்தில் கம்பத்தைச் சாய்த்துப் போட்டு, நுனியிலிருந்த பழைய விண்ட்சாக்கைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

மாட்டிய புதிதில் அந்தக் காற்றுப்பை பழுத்த ஆரஞ்சு நிறம். வெயில் குடித்துக் குடித்து வெளிறிப்போயிருந்தது. நகத்தால் கீறினால் நைலான் துணி நைந்த காகிதம்போல் பிரிந்தது. வாய் வளையத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளில் ஒன்று அறுந்து, பை ஒரு பக்கமாகத் தொங்கியது. அதைக் கம்பத்தோடு இணைக்கும் சுழல் வளையத்தில் தூசி ஏறி இறுகிவிட்டது. காற்று திசை மாறிய பிறகும் பை பழைய திசையையே காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கும். பிறகுதான் உதறிக்கொண்டு திரும்பும். அந்தக் கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

கணக்கு எளியது. கிளைடர் காற்றுக்குள் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. காற்று 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் இறங்கினால் தரை நம்மை நோக்கி வரும் வேகம் 20. நாலு எட்டு ஓடி நின்றுவிடலாம். காற்றை முதுகில் வாங்கி இறங்கினால் அதே தரை 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அந்த வேகத்தில் கால் ஊன்றினால் எலும்பு தாங்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு துணிப்பையும் ஒரு சுழல் வளையமும்தான். தூண்டிலில் நூல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க மீன்பிடிப்பவர்கள் போடுவார்களே, அதே மாதிரியான பித்தளை வளையம். புதிதாக ஒன்றைப் போட்டு, பையை மாட்டி, கம்பத்தை நிமிர்த்தினோம். முதல் காற்றுக்கே பை வாய் திறந்து நிறைந்தது.

பதினைந்து வருஷமாக இந்த மலையிலிருந்து பறக்கிறேன். பறப்பதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்குத் தரையிலிருந்துதான் பேச்சு வருகிறது. வானம் எங்கும் விரிந்துதான் கிடக்கிறது. காற்றை எதிர்கொண்டு ஓட முப்பது அடிச் சரிவு, இறங்க ஒரு மைதானம், இரண்டையும் சேர்க்கும் ஒரு மண்பாதை, இந்த மூன்றையும் ஒருசேரப் பெறுவதுதான் அரிது. பெற்றதை வைத்துக் காப்பது அதைவிட அரிது.

முதன்முதலாகப் பறந்தவர்களுக்கும் இதே தேவை இருந்தது. ஜெர்மானியர் ஓட்டோ லிலியன்தால், பெர்லின் அருகே லிக்டர்ஃபெல்டேயில் 1894இல் தனக்கென்று ஒரு குன்றையே கட்டினார். பக்கத்துச் செங்கல் சூளையின் கழிவு மண்ணைக் குவித்து எழுப்பிய 15 மீட்டர்க் கூம்பு அது. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு எதிராக ஓடி இறங்கலாம். உச்சியில் கிளைடர்களை வைக்க ஓர் அறையும் இருந்தது. 1896இல் விபத்தில் இறப்பதற்குள் இரண்டாயிரம் தடவைக்கு மேல் அவர் பறந்திருக்கிறார். சிறகை அமைத்த அதே கை, ஓடுவதற்கான மண்ணையும் அமைத்தது. எங்கள் கலையின் பாதி அந்தக் குன்றில் இருக்கிறது என்பேன்.

எட் லெவினையும் அதை ஒட்டி வடக்கே நிற்கும் மிஷன் பீக்கையும் பறப்பவர்கள் சார்பில் பார்த்துக்கொள்வது ‘விங்ஸ் ஆஃப் ரொகாலோ’ என்ற எங்கள் கிளப். பெயருக்குரியவர் ஃபிரான்சிஸ் ரொகாலோ. அவரும் மனைவி கெர்ட்ரூடும் சேர்ந்து, சட்டகமில்லாத துணிச் சிறகு ஒன்றை 1948இல் வீட்டிலேயே உருவாக்கினார்கள். சமையலறைத் திரைச்சீலைத் துணியைத் தைத்துத்தான் அதைச் செய்து பார்த்தார்கள். ஜெமினி விண்கலத்தைத் தரையிறக்க அந்தச் சிறகு உதவுமா என்று நாசா பரிசோதித்துவிட்டுக் கைவிட்டது. கைவிட்டதை இளைஞர்கள் எடுத்து ஹேங் கிளைடர் ஆக்கிக்கொண்டார்கள். 1971 செப்டம்பரில் டேவ் கில்போர்ன் என்பவர் எங்கள் மிஷன் மலைமுகட்டிலிருந்து ஓடிப் புறப்பட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றிலேயே நின்றார். பாராகிளைடிங் இன்னும் பின்னால் வந்தது. 1978இல் பிரான்சின் மியூசியில் பாராசூட்காரர்கள் சிலர், விமானம் ஏறும் செலவை மிச்சப்படுத்த மலைச்சரிவில் ஓடிப் பார்த்ததில் பிறந்தது அது. இப்போது இரண்டு சாதியும் ஒரே மலையில், ஒரே காற்றில்.

எட் லெவினில் புறப்படும் இடங்களுக்கு அடிக்கணக்கிலேயே பெயர்: ஐம்பது, முந்நூறு, அறுநூறு, ஆயிரத்து எழுநூற்றைம்பது. ஐம்பதில் ஓடக் கற்றுக்கொண்டவர், பிறகு மேலே ஏறுகிறார். மலையே படிப்படியாகப் பாடம் நடத்துகிறது.

இந்த மலைக்கு நாங்கள் செய்யும் வேலையில் வீரம் எதுவும் கிடையாது. மஞ்சள் நட்சத்திர முள் என்றொரு களை. மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வந்து கலிபோர்னியாவையே பிடித்துக்கொண்டது. பூவைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் நீள முட்கள். பாராகிளைடரின் கயிறுகள் மிக மெல்லியவை. சரிவில் பரப்பிய சிறகின் ஒரு கயிறு அந்த முள்ளில் மாட்டியிருப்பதைக் கவனிக்காமல் ஓடினால், சிறகு ஒரு பக்கம் மடிந்தபடியே மேலே எழும். அதனால் விதை விழுவதற்கு முன், வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்டதென்றால் பிடுங்கியதைச் சாக்கில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். மைதானத்தில் தரை அணில்களின் வளைகள் இன்னொரு கவலை. ஓடி இறங்கும் கால் அதற்குள் போனால் கணுக்கால் திரும்பிவிடும். பூங்கா ரேஞ்சரிடம் கேட்டுவிட்டுத்தான் மண்ணைத் தொடுவோம். மழை பெய்து ஈரம் காயும்வரை மலைப்பாதையில் வண்டி ஏற்றமாட்டோம். ஈரத்தில் விழுந்த சக்கரத்தடம், அடுத்த மழையில் ஓடையாகி, அதற்கடுத்த வருஷம் பாதையையே அறுத்துவிடும். நல்ல காற்று அடிக்கிற நாளிலும் ஈரம் என்றால் ஈரம்தான்.

என் அப்பாவின் ஊர் சிவகங்கைப் பக்கம். மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் கண்மாய்க் கரைக்கு மண்வெட்டியோடு போகவேண்டும் என்று அந்தக் காலத்தில் ஊர்க்கட்டுப்பாடு இருந்ததாம். குடிமராமத்து என்பார்கள். “தண்ணி எல்லாருக்கும் பொதுதான். ஆனா கரைக்கு ஆள் வந்தாத்தான் தண்ணி நிக்கும்” என்று தாத்தா சொல்வார். முள் பிடுங்கும் சனிக்கிழமைகளில் அந்தப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். காற்றும் அப்படித்தான். எல்லாருக்கும் பொதுவாக வீசுகிறது. கரையைக் காத்தவர்களுக்கே அது பயன்படுகிறது.

இதை நான் கற்றது ஒரு தவற்றில். பல வருஷம் முன்பு, வேறொரு மலைக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். தனியார் மேய்ச்சல் நிலம். நுழைவாயில் கதவில் ஒரு சங்கிலி. அதன் இரு முனைகளுக்கு நடுவில் நாலு பூட்டுகள், ஒன்றின் வளையத்துக்குள் இன்னொன்றாகக் கோத்திருக்கும். நிலக்காரருக்கு ஒன்று, தீயணைப்புத் துறைக்கு ஒன்று, மின்கம்பிப் பராமரிப்புக்கு ஒன்று, பறப்பவர்களுக்கு ஒன்று. யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விடுபடும். திரும்பப் பூட்டும்போது, நம் பூட்டை எடுத்த இடத்திலேயே, பக்கத்துப் பூட்டின் வளையத்துக்குள் விட்டுப் பூட்டவேண்டும். நான் இருட்டில், அவசரத்தில், சங்கிலியின் இரண்டு கண்ணிகளை நேராகச் சேர்த்து எங்கள் பூட்டைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மற்ற மூன்று பூட்டுகளும் பக்கத்தில் சும்மா தொங்கின. மறுநாள் காலை மாடுகளுக்குத் தண்ணீர் வண்டி ஓட்டிவந்த நிலக்காரர் தன் சொந்த நிலத்துக்குள்ளேயே போக முடியாமல் நின்றார். சங்கிலியை வெட்டித்தான் உள்ளே போனார்.

அந்த வருஷம் முழுக்க அந்த மலை எல்லோருக்கும் மூடப்பட்டது. தவறு செய்தவன் ஒருவன், பறக்க முடியாமல் போனவர்கள் அறுபது பேர். நான் புதுச் சங்கிலி வாங்கிக்கொண்டு அவரிடம் போய்த் தலைகுனிந்து நின்றேன். தொடர்ந்து பல வாரம் அவருடைய வேலியைச் செப்பனிட ஆளாக நின்றேன். அடுத்த வசந்தத்தில் கதவு திறந்தது. இன்றைக்கும் எந்தக் கதவைப் பூட்டினாலும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். பிறகு மற்றவர்களின் பூட்டுகளும் கோத்தபடி இருக்கின்றனவா என்று விரல்வைத்து எண்ணுவேன்.

அமெரிக்காவில் ஹேங் கிளைடருக்கும் பாராகிளைடருக்கும் அரசு லைசென்ஸ் கேட்பதில்லை. 1982இல் வந்த விமானப் போக்குவரத்து விதியின் 103ஆம் பகுதி, எங்களை எங்கள் பொறுப்பிலேயே விட்டிருக்கிறது. அந்தப் பொறுப்பை யு.எஸ்.எச்.பி.ஏ. என்ற தேசியச் சங்கம் ஐந்து நிலைத் தகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2015 வாக்கில் இந்த விளையாட்டுக்குக் காப்பீடு தர வெளியில் ஆள் இல்லாமல் போனது. காப்பீடு இல்லையென்றால் பூங்காக்களும் நிலக்காரர்களும் கதவை மூடிவிடுவார்கள். நாடு முழுக்கப் பறப்பவர்களும் கிளப்புகளும் பணம் போட்டு, 2016இல் தங்களுக்கென்று ஒரு காப்பீட்டு அமைப்பையே தொடங்கினார்கள். அதுவும் குடிமராமத்துதான், காகிதத்தில் நடந்த குடிமராமத்து.

விருந்தாளியாகப் போவதும் ஒரு கலை. யூட்டாவில் பாயிண்ட் ஆஃப் த மவுண்டன் என்ற மலையில் காலையில் தெற்கு முகத்திலும் மாலையில் வடக்கு முகத்திலும் பறப்பார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரியும். கேட்காதவர் அரை நாளைத் தொலைப்பார். எட் லெவினில் தெரியவேண்டியவை வேறு. பசிபிக் கடல்காற்று மதியத்துக்கு மேல் எந்த வேகத்தில் ஏறும், எந்த மடிப்புக்குப் பின்னால் காற்று சுருண்டு புரளும், சான் ஹொசே விமான நிலையத்தின் வான்பரப்பு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் இங்கே பல வருஷம் விழுந்து எழுந்தவர்களின் வாயில்தான் இருக்கிறது. மேய்கிற மாடுகளைப் பற்றிக்கூடச் சொல்லவேண்டியிருக்கும். வியர்வை உப்புக்காக அவை பாராகிளைடரை நக்கும், கயிற்றை மெல்லும். விரித்துப்போட்டுவிட்டு நகரக்கூடாது.

காற்றுப்பையை மாற்றிய பிறகு ஒரு நாள் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் வந்திருந்தான். வேலைக்காக இங்கே வந்தவன். கற்றது வேறு மாநிலத்தில். புறப்படும் இடத்துக்கு வந்ததும் பையைத் திறக்கப் போனான்.

“அண்ணா, காத்து சூப்பரா இருக்கே. விரிச்சிரட்டுமா?”

“இருப்பா. காத்து பாக்கக் கட்டின அந்த ரிப்பனைப் பத்து நிமிஷம் பாரு. எத்தனை தடவை செத்து செத்து எழும்புதுன்னு எண்ணு.”

உட்கார்ந்து எண்ணினான். ஏழாவது தடவை ரிப்பன் தொங்கியபோது, சரிவின் இடப்பக்கம் புல் படுத்தது. “தெர்மல் இடது பக்கமா கிளம்புதா அண்ணா?” என்றான். மேலெழும் வெப்பக்காற்றைத்தான் தெர்மல் என்போம். அவன் கண் நல்ல கண். கீழே சிவந்த தலைக் கழுகு ஒன்று அதே இடத்தில் சாய்ந்து வட்டமிட ஆரம்பித்தது. முகட்டுச் சட்டத்தை இருவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டோம்: எதிரெதிரே வரும்போது மலை யாருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவருக்கு வழி, இடப்பக்கம் இருப்பவர் வெளியே விலகவேண்டும். தெர்மலில் முதலில் சுற்றுபவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, அடுத்து வருபவரும் அந்தப் பக்கமே. பிறகு அவன் கால்பட்டைகளை நான் தொட்டுப் பார்த்தேன். என்னுடையவற்றை அவன் தொட்டுப் பார்த்தான்.

ஹேங் கிளைடரில் இதற்கு ஹேங் செக் என்று பெயர். ஒருவர் கிளைடரின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, பறக்கப் போகிறவர் ஹார்னஸில் முழு எடையோடு தொங்கிப் பார்ப்பார். கொக்கி மாட்டியிருக்கிறதா, உடம்பு சரியான உயரத்தில் தொங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும். மாட்டாத கொக்கியோடு ஓடி உயிர்விட்டவர்களில் அனுபவசாலிகளும் உண்டு. அதனால் முப்பது வருஷம் பறந்தவரும், நேற்று வந்தவரிடம் “மூக்கைக் கொஞ்சம் பிடிங்க” என்று கேட்கிறார். தனியாகப் பறக்கிற விளையாட்டு இது என்பார்கள். தனியாகப் புறப்பட்ட யாரையும் நான் நல்ல பறப்பாளி என்று எண்ணியதில்லை.

அவன் எட்டு அடி எடுத்துவைத்தான். ஒன்பதாவது அடி தரையில் படவில்லை.

நான் அன்று பறக்கவில்லை. வண்டியைக் கீழே ஓட்டிவர ஆள் வேண்டியிருந்தது. பாதையில் இரண்டு இடத்தில் இறங்கி, கதவைத் திறந்து, வண்டியை விட்டு, மறுபடி பூட்டி, விரல்வைத்து எண்ணிவிட்டு வந்தேன். மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது மாலைக் காற்று மெழுகுபோல் வழவழப்பாகியிருந்தது. பூங்காவுக்கு மேலே நிற்கும் மான்யுமென்ட் பீக்கின் முகத்தில், நாலைந்து சிறகுகள். அவன் எது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு சிறகு ஏரிக்கு மேலாக இறங்கி வந்தது. தெற்கு நோக்கி நேராக வந்தவர், கம்பத்தைத் தாண்டும்போது தலையைக் கொஞ்சம் திருப்பினார். புது ஆரஞ்சுப் பை அந்த நேரம் பார்த்து வடமேற்குக்கு வாய் திருப்பிக்கொண்டிருந்தது. அவர் அகலமாக ஒரு திருப்பம் எடுத்து, காற்றுக்கு முகம் காட்டி, நாலு எட்டு ஓடி நின்றார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. சுழல் வளையம் மாற்றியது அவருக்குத் தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, காலடியில் முளைத்திருந்த ஒரு முள்செடியைப் பார்த்தார். குனிந்து, வேரோடு பிடுங்கினார்.