கரிசல் காட்டில் ஐந்து நாள் பள்ளிக்கூடம்

கோடை வந்துவிட்டால் போதும், "இந்த வருஷம் எங்கே? ஊட்டியா, கொடைக்கானலா?" என்று கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. "அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும்" என்று பதில் சொல்லிப் பாருங்கள். கேட்டவர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். "அங்கே என்ன இருக்கு? ஒரே பொட்டல் காடு!" என்பார். "அதுவும் நடந்தே போகப் போகிறோம், சாமான்களை முதுகுப் பையில் மாட்டிக்கொண்டு" என்று சொல்லிவிட்டால், அப்புறம் நம்மோடு பேச்சே வைத்துக்கொள்ளமாட்டார்!

சகோதரிகளே, நாங்கள் அப்படித்தான் போய்விட்டு வந்தோம். நான், என் கணவர், 13 வயது மகன், 9 வயது மகள். ஏப்ரல் முதல் வாரம், அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு. நாங்கள் இருப்பது மதுரையில். பரீட்சை முடியட்டும், லீவு விடட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. ஏனென்றால் என் குழந்தைகள் இருவரும் மூன்று வருஷமாக வீட்டிலேயே படிக்கிறார்கள்.

வீடே பள்ளிக்கூடம்

"பள்ளிக்கூடம் போகாத பிள்ளை உருப்படுமா?" - இந்தக் கேள்வியை நான் கேட்காத நாள் இல்லை. அதிகமாகக் கேட்டவர் என் மாமியார். "ஊர் உலகத்துல இல்லாத புதுமையா இருக்கே! நாளைக்கு ஒரு வேலைக்குப் போகணும்னா சர்ட்டிபிகேட் யார் கொடுப்பா?" என்பார். கேள்வி நியாயமானதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்குகிறது. வீட்டிலேயே படிப்பதைப் பற்றி அதில் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. சர்ட்டிபிகேட்டுக்கு வழி இருக்கிறது. 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம், 14 வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்புப் பாடங்களுக்குப் பதிவு செய்துகொண்டு பரீட்சை எழுதலாம். மூத்தவன் அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் வீட்டுப் படிப்பில் ஒரு சங்கடம் உண்டு. எவ்வளவுதான் முயன்றாலும், அம்மாவுக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரிந்தவரைக்கும்தான்! அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை, வேறு வாத்தியார்களைத் தேடி வெளியே கிளம்பிவிடுகிறோம்.

தறியடியில் கணக்கு

முதல் நாள் காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டை. மதுரைக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். 1985 மார்ச் 15-இல் விருதுநகர் மாவட்டம் உருவாகும் வரை, இது பழைய இராமநாதபுரம் மாவட்டத்து ஊர். மல்லிகைக்கும் நெசவுக்கும் பெயர் பெற்றது. 'அரும்புக்கோட்டை'தான் அருப்புக்கோட்டை ஆயிற்று என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்கிறார்கள்.

தெருவுக்குள் நுழையும்போதே சத்தம் வரவேற்கிறது. விசைத்தறி ஒரு பக்கம் கடகடக்க, இன்னமும் சில வீடுகளில் கைத்தறி 'டக்... டக்...' என்று நிதானமாகப் பேசுகிறது. எங்களுக்குத் தெரிந்த வீட்டில் ஒரு பாட்டியம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இந்தா தம்பி, நீயும் சுத்திப் பாரு. நூல் அறுந்தா முடிச்சுப் போடு, முழிச்சுக்கிட்டு நிக்காதே!"

பையனுக்குப் பத்து நிமிஷத்தில் நான்கு முறை அறுந்தது. ஐந்தாவது முடிச்சு விழுந்தபோது பாட்டி தலையை ஆட்டினார். நீளவாக்கில் போவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை, ஊடையைச் சுமந்து ஓடுவது நாடா. ஐந்தரை மீட்டர்ச் சேலையில் கட்டம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை, பாவு ஓட்டும்போதே இழை எண்ணி முடிவு செய்துவிடுகிறார்கள். பின்னக் கணக்கு என்றால் ஓடி ஒளியும் என் மகன், அன்று சாயந்திரம் வரை இழைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

வெடித்த மண்ணும் நுங்கு வண்டியும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி சுமார் 15 கிலோமீட்டர். அதை இரண்டு காலைகளாகப் பிரித்துக்கொண்டோம். ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் நடையை நிறுத்திவிட வேண்டும். இது கண்டிப்பான சட்டம். நடுவில் ஒரு கிராமத்தில் தூரத்து உறவினர் வீட்டில் தங்கல்.

கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. சின்னவள் ஒரு வெடிப்பில் குச்சியை விட்டாள். முழங்கை நீளக் குச்சி முழுசாக உள்ளே போயிற்று! களித்தன்மை மிகுந்த மண் இது. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். மழைக்காலத்தில் இதே மண் செருப்போடு அப்பிக்கொண்டு காலை விடாது. கொஞ்ச தூரம் போனால் மண் செவலாகிறது. அப்புறம் மறுபடி கரிசல். பாதை ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். அதை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்குவது இங்கே பல குடும்பங்களின் பிழைப்பு.

பனைகளுக்கு அடியில் இளைப்பாறினோம். ஆண் பனைக்கு அலகுப்பனை, பெண் பனைக்குப் பருவப்பனை என்று பெயர். நுங்கு காய்ப்பது பருவப்பனையில்தான். பதநீர் இரண்டிலும் இறக்கலாம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். பனையேறி அண்ணாச்சி இதைச் சொல்லிக்கொண்டே நுங்கை வெட்டிக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்த கூந்தல்கள் இரண்டும் ஒரு கவைக்குச்சியும் சேர்ந்து வண்டி ஆயிற்று. திருச்சுழி வரை அதை உருட்டிக்கொண்டே வந்தாள் என் மகள்.

அறுவடை முடிந்த காட்டில் ஒரு கீதாரி கிடை போட்டிருந்தார். ராத்திரி ஆடுகள் அங்கேயே அடைந்தால், நிலத்துக்கு அதுவே உரம்.

"இத்தனை ஆட்டையும் தினமும் எப்படி எண்ணுவீங்க?" என்று கேட்டான் பையன்.

"எதுக்கு எண்ணணும் தம்பி? மூஞ்சியப் பார்த்தா, எது வரலேன்னு தெரிஞ்சிராதா?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது, நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் வாத்தியார் எண்ணத்தான் வேண்டியிருக்கிறது. வீட்டில் இருக்கும் நமக்கு முகம் பார்க்க முடிகிறது. ஆனால் பார்க்கிறோமா?

கண்மாய்ப் பாடம்

இந்தப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் சேர்த்து சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களுக்கு அதைப் பிடித்து வைப்பதுதான் கண்மாய். தண்ணீரைக் கொண்டுவருவது வரத்துக்கால், வயலுக்குத் திறந்துவிடுவது மடை, நிறைந்தால் வழியவிடுவது கலுங்கு. ஒரு கண்மாயின் கலுங்கில் வழிவது அடுத்த கண்மாய்க்கு வரத்து. ஒன்று உடைந்தால் கீழே உள்ளவற்றுக்கும் ஆபத்து. வற்றிப்போன கண்மாய்க்குள் இறங்கி, கரையின் நீளத்தைக் காலடியால் அளந்தான் பையன். "அம்மா, முன்னாடியெல்லாம் பம்பே இல்லாம, மேடு பள்ளத்தை வச்சே எப்படிம்மா இதைச் செஞ்சாங்க?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. "கண்டுபிடித்துச் சொல்லு" என்றேன். இன்னமும் நோட்டில் படம் வரைந்துகொண்டிருக்கிறான்.

திருச்சுழியின் படித்துறை

மூன்றாம் நாள் காலை திருச்சுழி. குண்டாற்றங்கரை ஊர். ஆற்றில் மணல்தான் இருந்தது. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்தில் கடைசியாக வருகிற பெயர் இந்த ஆறுதான் என்று சொன்னதும், பிள்ளைகள் மணலை ஒரு தனி மரியாதையோடு பார்த்தார்கள்.

திருமேனிநாதர் - துணைமாலையம்மை கோயில் பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற பதினான்கு தலங்களில் ஒன்று. சுந்தரர் பாடியது. பெருவெள்ளத்தை இறைவன் சுழித்து உள்ளே இழுத்துக்கொண்டதால் 'சுழி' என்று பெயர் வந்ததாகத் தலபுராணம். பக்கத்திலேயே சுந்தர மந்திரம். 1879 டிசம்பர் 30-இல் ரமண மகரிஷி, வேங்கடராமன் என்ற குழந்தையாகப் பிறந்த வீடு. ஆரம்பப் படிப்பும் இந்த ஊரில்தான்.

கோயில் குளத்தைப் பற்றி அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு செய்தி உண்டு. மாசிப் பௌர்ணமிக்கு முந்திய பத்து நாளும் குளத்துத் தண்ணீர் தினம் சுமார் ஓர் அடி ஏறுமாம், பிறகு மெள்ள இறங்குமாம். சிறுவர்களெல்லாம் சேர்ந்து படியில் குறி போட்டு, இன்று எவ்வளவு ஏறிற்று என்று பார்ப்பார்களாம். யாரும் வீட்டுப்பாடமாகக் கொடுக்கவில்லை!

இதைக் கேட்டதும் என் மகள் சாக்குக் கட்டியோடு படித்துறைக்கு ஓடினாள். குளத்தில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. விளிம்பில் கோடு போட்டாள். இரண்டு நாளில் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. "யாரும்மா குடிச்சா?" என்றாள். "வெயில்" என்றேன்.

அவள் கேட்ட கேள்வி

குறி போடும்போது அவள் தனியாக இல்லை. உள்ளூர்ச் சிறுமிகள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சாயந்திரமெல்லாம் பாண்டி ஆட்டம். மறுநாள் காலை அவர்கள் இரட்டைச் சடையும் யூனிபாரமுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போவதை, திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, நானும் பள்ளிக்கூடம் போகட்டுமா? அண்ணன் ஒருத்தன்கூட மட்டும் எவ்வளவு நேரம்மா விளையாடறது?"

எனக்குத் தூக்கம் போயிற்று. இந்த மூன்று வருஷமும் உற்றார் உறவினரிடம் மல்லுக்கட்டியது இதற்குத்தானா? இப்போது அனுப்பினால், "பார்த்தியா, நாங்க அன்னிக்கே சொன்னோமே" என்று சிரிக்க மாட்டார்களா? மறுநாள் விடியற்காலை படித்துறையில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குழந்தை என்ன கேக்குதுன்னு பார்த்து நடக்கணும்னுதானே ஆரம்பிச்சோம்? இப்ப அது கேக்குது" என்றார்.

கல்வி உரிமைச் சட்டப்படி, இதுவரை பள்ளியில் சேராத குழந்தையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். ஜூனில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. மூத்தவன், "நான் வீட்டிலேயேதான் படிப்பேன்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டான். ஒரு வீட்டில் இரண்டு வழி. அதனால் என்ன? இரண்டும் அவர்கள் கேட்டு எடுத்த வழி. ஐந்தாம் நாள் திருச்சுழி ஸ்டேஷனில் ரயிலேறி, மானாமதுரை வழியாக வீடு வந்து சேர்ந்தோம்.

மாமியாரிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை. "அப்ப மத்தியானத்துல எனக்கு நல்லதங்காள் கதை வாசிச்சுக் காட்டறது யாரு?" என்றார். "சாயந்திரம் வந்து வாசிக்கிறேன் அப்பத்தா" என்று அவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள் பேத்தி.

நீங்களும் கிளம்புகிறீர்களா?

குழந்தைகளோடு வறண்ட பிரதேசத்தில் நடக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பையின் கனம் குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை சொல்லும் அளவும் இதுதான். 30 கிலோ குழந்தைக்கு 3 கிலோ, தண்ணீரையும் சேர்த்து.

2. காலை ஒன்பதுக்கு மேல் மாலை நான்கு வரை நிழல்தான். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். நீராகாரம், மோர், கம்பங்கூழ் எல்லாம் உத்தமம்.

3. உப்புச் சர்க்கரைக் கரைசல் வீட்டிலேயே தயாரிக்கலாம். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை தலைதட்டிய 6 தேக்கரண்டி, உப்பு தலைதட்டிய அரைத் தேக்கரண்டி. அளவு மாறக்கூடாது.

4. உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சுக் குழறினாலோ, மயங்கினாலோ, உடனே நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள். மயக்கத்தில் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

5. மூடிய செருப்பு, தலைக்குப் பருத்தித் துண்டு, இருட்டில் டார்ச் அவசியம். மண் வெடிப்பிலும் புதரிலும் கை விடக்கூடாது.

பிள்ளைகள் பள்ளியில் படித்தாலும் சரி, வீட்டில் படித்தாலும் சரி, இதற்கு வேண்டியது ஒரு விடியற்காலைதான். உங்கள் சொந்த ஊருக்குப் போகும்போது இரண்டு ஸ்டாப்புக்கு முன்பே இறங்கி நடந்து பாருங்கள். வழியில் உள்ள கண்மாயின் பெயரைப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அப்படியே, அவர்கள் உங்களிடம் கேட்பதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.