22 எழுத்துச் செய்தி

கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, வயிற்றில் புற்றுநோய் இருக்கக்கூடுமா என்று கணிக்கலாம் என்றால் ஏதோ மந்திரம் போலத்தான் தோன்றும். அதன் பின்னால் இருப்பது மைக்ரோ ஆர்என்ஏ. மரபணு மொழியில் சுமார் 22 எழுத்துதான் அதன் நீளம். அது புரதம் எதையும் உருவாக்காது. புரதத்தை உருவாக்கச் சொல்லிக் கிளம்பும் தூது ஆர்என்ஏவைப் பிடித்து அடக்கிவைக்கும். 1993ல் ஒரு மில்லிமீட்டர் புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024ல்தான் நோபெல் பரிசு வந்தது.

புற்றுநோய்க் கட்டிகளில் இவற்றுள் சில கூடுகின்றன, பல குறைகின்றன. 2005ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புதான். எந்த உறுப்பில் தொடங்கியது என்று தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாத 17 கட்டிகள். ஏறத்தாழ 16,000 தூது ஆர்என்ஏக்களை அளந்து கணித்தபோது ஒன்றுக்குத்தான் சரியான விடை கிடைத்தது. வெறும் 217 மைக்ரோ ஆர்என்ஏக்களை வைத்துக் கணித்தபோது 12 சரி!

இந்தக் கூடுதல் குறைவை ரத்தத்திலும் அளக்கலாம். சிங்கப்பூரில் உருவான கேஸ்ட்ரோகிளியர் பரிசோதனை 12 மைக்ரோ ஆர்என்ஏக்களை அளந்து வயிற்றுப் புற்றுநோய் அபாயத்தைக் கணக்கிடுகிறது. சுகாதார அறிவியல் ஆணையம் 2019ல் அதற்கு ஒப்புதல் தந்தது.

அதைப் பற்றி யாரோ சொல்லக் கேட்ட அப்பா, “வாய்வழியா குழாயெல்லாம் விடவேணாம். ரத்தத்துலயே பாத்துடலாமாம்ல?” என்றார். பெரியப்பாவை வயிற்றுப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கோ ஒரு மாதமாகப் பசியில்லை, எடையும் குறைந்துகொண்டே வந்தது.

“அது நல்லா இருக்குறவங்கள்ல யாருக்கு அபாயம் அதிகம்னு வடிகட்டத்தான்பா. உங்களுக்குத்தான் உடம்பே சொல்லுதே” என்றேன். ரத்தத்தில் வரும் எண், வயிற்றில் எந்த இடம் என்று காட்டாது; சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்கவும் அதனால் ஆகாது. எண் கூடினால் எப்படியும் எண்டோஸ்கோபிதான். குறைந்தாலும், அந்தப் பசியின்மைக்குக் காரணம் தெரிய வேண்டுமே. மருத்துவரும் அதையேதான் சொன்னார். அறிவியல்மீது எனக்குள்ள ஆசை வேறு, அப்பாவின் வயிறு வேறு.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்துவிட்டு ஒப்புக்கொண்டார். வரும் வியாழக்கிழமை காலை எண்டோஸ்கோபி. விடுப்பு எடுத்துவிட்டேன்.