போர் லாரியின் இரண்டாம் ஊழியம்



1998ஆம் ஆண்டு கூடலூருக்கு அருகே ஒரு சிறிய சபையில் ஊழியம் செய்துவந்தேன். ஆலய மதிலோரம் ஒரு பழைய லாரி நிற்பது வழக்கம். தட்டையான முகம், குட்டை மூக்கு. நீல வர்ணம் உதிர்ந்த இடங்களில் இராணுவப் பச்சை தெரியும்.

இரண்டாம் உலகப் போருக்காகக் கனடா 8 இலட்சத்துக்கும் அதிகமான இராணுவ வாகனங்களைச் செய்தளித்தது. அவ்வாறு வந்த லாரிகள் பர்மாப் போர்முனையிலும் ஓடின. போர் முடிந்தபின் இராணுவம் கழித்துவிட்டவற்றை மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியின் மரவியாபாரிகள் வாங்கினர். டீசல் எஞ்சின் மாற்றி, வின்ச் பொருத்தி, வெட்டிய மரங்களை இழுக்க அமர்த்தினர். எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்வதால், மற்ற லாரிகள் புதையும் சேற்றிலும் அவை ஏறிவரும்.

ஒரு ஞாயிறு, பிரசங்க வேளையில் அந்த லாரி உறுமியது. நான் பீடத்தைவிட்டு இறங்கி வெளியே சென்றேன். "இது ஆலயமா, மரக்கிடங்கா? இந்த இரும்புக் குப்பையை அப்புறப்படுத்தும்" என்று சபையார் கேட்கக் கடிந்துகொண்டேன். ஓட்டுநர் அறுபது வயதைக் கடந்தவர். நம் சபையைச் சேர்ந்தவரல்லர். "சரிங்க ஐயா" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார். அதன்பின் லாரி அங்கே நிற்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அடைமழை இரவில், என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. வாடகை ஜீப் பாதிவழியில் மண்சரிவில் சிக்கியது. சக்கரங்கள் சுழன்றனவேயன்றி வண்டி நகரவில்லை. உதவி தேடி ஓடிய ஜீப் ஓட்டுநர் அழைத்துவந்தது அதே லாரியை, அதே பெரியவரை.

அவர் சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்து, கம்பிவடத்தை ஜீப்பில் மாட்டி, ஒரு குலுக்கலும் இன்றி மெதுவாக இழுத்தார். நான் மழையில் தலைகுனிந்து நின்றேன். "பெரியவரே, என்னை மன்னியுங்கள்" என்றேன். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க ஐயா? அம்மாவைப் பாருங்க" என்றார். விடியுமுன் எங்கள் மகள் பிறந்தாள்.

இருளில் கேட்ட மன்னிப்பு போதாது என்று என் மனச்சாட்சி உணர்த்தியது. பலர் முன்னிலையில் அவமதித்தேனல்லவா? அடுத்த ஞாயிறு அதே சபையாரிடம் என் குற்றத்தை அறிக்கையிட்டேன். பிறகு அவர் வீட்டுக்குச் சென்றேன். மறுவாரம் லாரி மீண்டும் மதிலோரம் நின்றது.

பட்டயம் மண்வெட்டியாக மாறும் நாளை ஏசாயா தீர்க்கதரிசி கண்டார். அங்கே இரும்பு எறியப்படவில்லை. அதன் வேலையே மாறியது. போர்க்களச் சேற்றுக்கென்று கொடுக்கப்பட்ட அதே வலிமைதான் அன்றிரவு ஒரு தாயையும் சேயையும் காத்தது. சபையைத் துன்பப்படுத்திய சவுலின் வைராக்கியத்தையும் ஆண்டவர் அணைத்துவிடவில்லை. அதைச் சுவிசேஷத்தின் பக்கம் திருப்பினார்.

என் நாவின் கூர்மை இன்னும் என்னோடு இருக்கிறது. அதை எடுத்துவிடும்படி முன்பு ஜெபித்தேன். இப்போது, எளியவனை வெட்டாமல் எளியவனுக்காகப் பேசும்படி அதைத் திருப்பும் என்று ஜெபிக்கிறேன்.

பிரியமானவர்களே, இவ்வாரம் உங்கள் கடுஞ்சொல்லால் ஒதுங்கிப்போனவர் எவரேனும் உண்டா? அவருடைய உதவி தேவைப்படும் இரவு வரும்வரை காத்திராதிருங்கள். இன்றே புறப்படுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.