இரண்டு பச்சை

டெல்டாவில் இரண்டு ஏக்கரில் வெள்ளைப் பொன்னி போடும் விவசாயி ஒருவர், ஓட்டு வீட்டை ஒட்டிப் புதிதாக ஓர் அறை கட்டினார். இடுப்பு எலும்பு முறிந்து நடமாட்டம் குறைந்துபோன அம்மாவுக்கான அறை. வண்ணம் பூசவேண்டிய நேரம் வந்தது. பெயின்ட் கடையில் ஷேடு கார்டைப் புரட்டி, அவரும் மனைவியும் இரண்டு வெளிர் பச்சையில் வந்து நின்றார்கள். ஒன்றில் லேசாக மஞ்சள் சாயல், மற்றதில் சாம்பல் சாயல்.

"ரெண்டும் பச்சைதானேங்க, ஏதாவது ஒண்ணை வாங்குங்க" என்றார் மனைவி.

அவருக்கு மனசு ஒப்பவில்லை. நடவு முடிந்த 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையோடு வயலில் இறங்குகிறவர் அவர். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையில் 3-ஆம் எண், மற்ற ரகங்களுக்கு 4. பத்து இலைகளில் ஆறாவது அந்தப் பச்சைக்குக் கீழே வெளிறியிருந்தால்தான் யூரியா போடுவார். கணிப்பு தப்பி அதிகம் போட்டால் பூச்சி சேரும், பொன்னி சாய்ந்துவிடும். அதனால் காலை 8 முதல் 10 மணிக்குள் பார்ப்பார். இலை மேல் வெயில் படாமல் முதுகால் மறைத்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் அவரேதான் பார்ப்பார். ஆள் மாறினால் கணக்கும் மாறும்.

அதே முறையை வீட்டிலும் செய்தார். இரண்டு நிறத்திலும் சின்ன டப்பா வாங்கி, இரண்டு வெள்ளை அட்டைகளில் இரண்டு கோட் அடித்தார். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் மாறும் என்பதால் மறுநாள்வரை பொறுத்தார். அறைக்கு வடக்கே மட்டும்தான் ஜன்னல். காலையில், மதியத்தில், இரவு விளக்கில் என்று பார்த்தார். சாம்பல் பச்சை சாயங்காலமானால் அழுக்குச் சுவர் போலத் தெரிந்தது. மனைவிக்கோ அதுதான் குளிர்ச்சியாகப் பட்டது.

ஒரே ஆள் பார்க்கவேண்டுமென்றால், அந்த ஆள் யார்? அம்மாவை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து ஆறு மாதமாகிறது. "ஒரு கண்ணு போதும்ப்பா" என்று இடது கண்ணைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கட்டிலுக்கு எதிரே அட்டைகளை வைத்ததும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இடது கண்ணுக்கு ரெண்டும் பழுத்த இலையாட்டம் ஒண்ணாத்தான் இருக்கு. வலது கண்ணுக்கு நல்லா வித்தியாசம் தெரியுதுப்பா."

புரை விழுந்த கண் பழுப்பேறிய கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் பார்க்கும். கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதால் இழந்தது தெரிவதில்லை.

"வலது கண்ணுக்கு எது பிடிச்சிருக்கும்மா?"

அம்மா மஞ்சள் சாயல் பச்சையைக் காட்டினார். "இது நாத்து பறிக்கிற பக்குவம்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கண்ணையும் பண்ணிடலாம்ப்பா" என்றார்.

அவர் நிறத்தின் எண்ணைக் காலண்டரில் எழுதிவைத்தார். தனித்தனியாகக் கலக்கினால் நிறம் தட்டும் என்று, அறைக்கு வேண்டிய பெயின்ட்டை ஒரே தடவையில் வாங்கினார். இடது கண் ஆபரேஷனுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை. அதற்கான நாளையும் அதே காலண்டரில் குறித்துவிட்டார்.