இனி உங்க முறைங்க!

மாமியார் படுக்கையில் விழுந்து ஏழு மாதம். ராத்திரியில் புரட்டிப் படுக்க வைப்பது, தண்ணீர் கொடுப்பது எல்லாம் நான்தான். கணவர் உதவ வந்தாலும், "உங்களுக்கு வராது" என்று தடுத்துவிடுவேன்.

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இருக்கும் எனக்குக் கடல் தூரம். ஆனாலும், கடற்படை அதிகாரிகள் ரூபா, தில்னா பற்றிப் படித்தது மனதில் ஒட்டிக்கொண்டது. 56 அடி 'தாரிணி' பாய்மரப் படகில் இருவர் மட்டுமே. 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பினார்கள். ஒருவர் தூங்கினால் மற்றவர் காவல். நம்பினால்தானே தூக்கம் வரும்!

அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் கணவரை எழுப்பினேன். "இனி உங்க முறைங்க."

"நான் பாத்துக்கறேன், நீ படு."

விடிந்துதான் விழித்தேன். மாமியார் நிம்மதியாகத் தூங்க, அருகில் நாற்காலியில் விழித்திருந்தார் அவர்.