நெய்யூரில் தங்கிவிட்டவர்

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போதெல்லாம் காரக்கோணம் மருத்துவக் கல்லூரி வாசலில் சோமர்வெல் என்னும் பெயரைக் கண்டிருக்கிறேன். அவர் யாரென்று நெடுநாள் விசாரித்ததில்லை.

ஹோவர்ட் சோமர்வெல், 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேய மருத்துவர். அவ்வாண்டு பனிச்சரிவில் சுமைதூக்குவோர் எழுவர் மாண்டனர். அத்துக்கம் அவரை விடவில்லை. பின்பு நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனையைக் காணச் சென்றார். அங்கே நோயாளிகள் திரளாய்க் காத்திருந்தார்கள். அறுவை செய்யக் கைகள் போதவில்லை. லண்டனில் கிடைக்கவிருந்த உயர்ந்த பதவியை விட்டு, 32 வயதில் மிஷனெரியானார்.

அவருடைய நாட்களில் பெரும்பகுதி அறுவை அறையிலேயே கழிந்தது. மரச்சீனியே முக்கிய உணவாயிருந்த நம் பகுதியில் குடற்புண் மிகுதி; அதற்கான அறுவைகளுக்கு முடிவேயில்லை. 1924இல் மீண்டும் எவரெஸ்டில், ஆக்சிஜன் இன்றி ஏறக்குறைய 28,000 அடி ஏறினார். இறங்கும்போது தொண்டை அடைத்து, மரணத்தின் விளிம்புக்குப் போனார். பிழைத்தவர் திரும்பியது நெய்யூருக்குத்தான்! இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே ஊழியம் செய்தார்.

சென்ற முறை அம்மாவுக்காகக் காரக்கோணத்தில் சீட்டு வாங்க வரிசையில் நின்றேன். அன்றிரவே சென்னைக்குத் திரும்பும் ரயில் டிக்கெட் என் பையில் இருந்தது. “இன்னும் இரண்டு நாள் நிற்கக்கூடாதா, மக்களே?” என்றார் அம்மா.