முற்றத்துக்கு வந்த மாண்டிசோரி

தானேயில் எங்கள் குடியிருப்பிலிருந்து ரயில் நிலையம் போகும் வழியில் மட்டும் மாண்டிசோரி என்று போர்டு மாட்டிய பள்ளிகள் மூன்று. மகளுக்கு மூன்று வயது ஆகப்போவதால் இப்போதெல்லாம் என் கண்ணில் இவைதான் படுகின்றன. ஒன்றில் ஒரு வருடக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். நான் நாலு வருஷம் இஞ்சினியரிங் படித்த மொத்தச் செலவு அதைவிடக் குறைவு :-)

இந்தப் போர்டை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். அமெரிக்காவில் இரண்டு மாண்டிசோரி சங்கங்கள் பெயருக்காகச் சண்டை போட்டபோது, இது ஒரு கல்விமுறையின் பொதுப்பெயர், யாருக்கும் தனி உரிமை கிடையாது என்று 1967-ல் முடிவாகிவிட்டது. சரி, போர்டை விட்டுவிட்டு உள்ளே சரக்கு என்ன என்று படிக்க ஆரம்பித்தேன்.

மரியா மாண்டிசோரி ஒரு டாக்டர். 1907 ஜனவரி 6-ம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் முதல் 'குழந்தைகள் வீட்டை'த் தொடங்கினார். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரில் கிறுக்கிக் கட்டடத்தைப் பாழாக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் கட்டட முதலாளிகளின் கவலை. அந்தப் பிள்ளைகள் தாங்களே பொருளை எடுத்து, தாங்களே செய்து, தாங்களே திருத்திக்கொண்டு எழுதப் படிக்கக் கற்றதை உலகமே வந்து வேடிக்கை பார்த்தது.

அங்கிருந்து இந்த முறை ஊர் ஊராகப் போன கதைதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது.

அமெரிக்காவில் 1911 வாக்கில் ஒரே பரபரப்பு. 1915-ல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு வகுப்பறையே நடத்திக் காட்டினார்கள். ஆனால் ஆசிரியர் பயிற்சியை அம்மையார் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தார். கருவிகளோ விலை கொடுத்து வாங்க வேண்டியவை. 1914-ல் பேராசிரியர் கில்பாட்ரிக் எழுதிய விமர்சனமும் சேர்ந்துகொள்ள, சில வருடங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. மறுபடி துளிர்த்தது 1958-ல், கனெக்டிகட் மாநிலத்தில் பெற்றோர்களே கூடி ஆரம்பித்த ஒரு பள்ளியில்.

இத்தாலியில் முதலில் ஆதரித்த முசோலினியோடு 1934-ல் முறிந்துபோனது, பள்ளிகள் மூடப்பட்டன. ஹாலந்தில் நிலைமை வேறு. தனியார் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் சமமாக நிதி என்று அவர்கள் 1917-லேயே அரசியல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். அதனால் மாண்டிசோரி அங்கே பணக்காரர் சமாச்சாரம் ஆகாமல் சாதாரணத் தெருப் பள்ளியாக வேர் விட்டது. ஆன் ஃபிராங்க் படித்தது ஆம்ஸ்டர்டாமில் அப்படி ஒரு பள்ளியில்தான்.

நம்ம அடையாறுக்கு அம்மையார் வந்தது 1939-ல், பிரம்மஞான சபையின் அழைப்பில். உலகப் போர் மாட்டிவிட்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். ஆனால் அதற்கு முன்பே விதை விழுந்தாயிற்று. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்ற வக்கீல் 1920-ல் பால மந்திர் தொடங்கினார். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக்தான் எனக்கு இந்தக் கதையின் நாயகி.

தாராபாய் 1945-ல் கிராமத்துக்கே போய்விட்டார். முதலில் போர்டி, 1957-ல் கோஸ்பாட். 2014 வரை எங்கள் தானே மாவட்டம், இப்போது பால்கர் மாவட்டம். கூட இருந்தவர் அனுதாய் வாக். வார்லி பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. சரி, பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்றார்கள். மராத்தியில் அங்கண் என்றால் முற்றம். இறக்குமதி மரக்கட்டைகளுக்குப் பதில் கூழாங்கல், இலை, விதை. மாடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு. தம்பி தங்கையைத் தூக்கி வந்தால் அவர்களுக்கும் பக்கத்திலேயே தொட்டில். 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களுக்கு இந்த முற்றத்தின் பெயர்தான் வந்து சேர்ந்தது: அங்கன்வாடி!

எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாவ்ஷியின் பேரன் போவதும் அங்கன்வாடிக்குத்தான். அந்தக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு மாவ்ஷி, "இவ்வளவு பணத்துக்கு அங்கே என்ன பாவு சொல்லித் தருவார்கள்?" என்றார். தண்ணீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் ஊற்றுவது, பயறு பிரிப்பது, பொத்தான் போடுவது என்று சொன்னேன். சிரித்துவிட்டார். "என் பேரன் தினமும் என்னோடு உட்கார்ந்து பருப்பு பொறுக்குகிறானே!"

அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தப் பிள்ளையை அவசரப்படுத்தாமல், இடையில் புகாமல், என்ன செய்கிறான் என்று கவனிக்க ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டும். கட்டணத்தில் வாங்கப் பார்ப்பது அந்த ஆளின் நேரத்தைத்தான். அங்கன்வாடியிலோ சாப்பாடு, எடை பார்ப்பது, தடுப்பூசிக் கணக்கு, பதிவேடுகள் எல்லாமே ஓர் ஊழியர், ஓர் உதவியாளர் தலையில். அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம்கூட இல்லை, மதிப்பூதியம்.

நாங்கள் கடைசியில் பக்கத்துத் தெருவில் சில பெண்கள் சேர்ந்து நடத்தும் பால்வாடியில் இடம் கேட்டிருக்கிறோம். கருவிகள் பெரும்பாலும் அவர்களே செய்தவை. அரை மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தோம். டீச்சரின் குரல் பிள்ளைகளின் குரலைவிடத் தாழ்வாக இருந்தது. என் மனைவி, "இது போதுங்க" என்றாள்.

என் மகளுக்கு ஓர் இடம் கிடைத்துவிடும். மாவ்ஷியின் பேரனுக்கு? நாட்டில் சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இந்த யோசனை இத்தனை ஏழைகளின் வாசல் வரை போனதாக நான் படிக்கவில்லை. முற்றம் தயார், பிள்ளைகளும் தயார். உட்கார்ந்து கவனிக்க இன்னும் ஓர் ஆளைப் போட்டு, அவருக்கு முறையாகச் சம்பளமும் கொடுத்தால் மீதியை அந்தப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் தெரு அங்கன்வாடியை ஒருமுறை எட்டிப் பாருங்களேன்.